31 டிரோன், 32,000 கோடி: எதை எதால் வகுப்பது?

2024 அக்டோபர் 15ஆம் தேதி இந்தியா அமெரிக்காவோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. ஜெனரல் அட்டாமிக்ஸ் நிறுவனத்தின் எம்க்யூ-9பி டிரோன்கள் 31 வாங்குகிறோம். கடற்படைக்கு 15, தரைப்படைக்கு 8, விமானப்படைக்கு 8. இங்கேயே அமையும் பராமரிப்பு ஏற்பாட்டையும் சேர்த்து மொத்தம் சுமார் 32,000 கோடி ரூபாய் என்று செய்திகள் வந்தன. படித்தவர்கள் எல்லாரும் செய்த முதல் வேலை 32,000ஐ 31ஆல் வகுத்ததுதான். ஒன்று ஆயிரம் கோடிக்கு மேலே வருகிறது. 2023லேயே இந்த வகுத்தலை வைத்து ஒரு சண்டை நடந்தது. மற்ற நாடுகளைவிட அதிகம் கொடுக்கிறோம் என்றது எதிர்க்கட்சி. விலையே இன்னும் முடிவாகவில்லை என்றது பாதுகாப்பு அமைச்சகம்.

நான் ராணுவத்துக்காரன் இல்லை, சாஃப்ட்வேர் பிழைப்பு. ஆனால் இந்த வகுத்தல் எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற விஷயம். ஒரு கம்பெனி பெரிய சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கும்போது, மொத்த விலையை யூசர் எண்ணிக்கையால் வகுத்து, அந்தக் கம்பெனியைவிட நமக்குச் சல்லிசு என்று சந்தோஷப்படுவார்கள். அஞ்சு வருஷம் கழித்துப் பார்த்தால் லைசென்ஸ் செலவு ஓரமாக உட்கார்ந்திருக்கும். அப்கிரேடு, வேறு சிஸ்டங்களோடு இணைப்பது, சின்ன மாற்றத்துக்கும் விற்றவனிடம் போய் நிற்பது, பணம் எல்லாம் அங்கேதான் போயிருக்கும். டிரோன் கதையும் இதேதான். இன்னும் கொஞ்சம் தீவிரமானது, அவ்வளவுதான்.

முதலில் கடையில் என்ன வாங்கினோம் என்று பார்த்துவிடலாம். இந்த விற்பனைக்காக அமெரிக்க அரசு 2024 பிப்ரவரியில் தன் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிவிப்பு பொதுவெளியில் இருக்கிறது. (அன்றைய உச்ச மதிப்பீடு 399 கோடி டாலர்.) அதில் விமானங்கள் ஒரே ஒரு வரி. மீதி எல்லாம் வேற சாமான்: ஜிபிஎஸ்ஸோடு சேர்ந்த வழிகாட்டும் கருவிகள் 161, ரேடியோ பேச்சை ஒட்டுக்கேட்கும் கருவித் தொகுதிகள் 35, ஹெல்ஃபயர் ஏவுகணைகள் 170, லேசர் வழிகாட்டும் சிறிய குண்டுகள் 310, தரைக் கட்டுப்பாட்டு நிலையங்கள், ரகசியக் குறியாக்கக் கருவிகள், உதிரி பாகங்கள், பயிற்சி. கல்யாணச் செலவை மாப்பிள்ளை சட்டை எண்ணிக்கையால் வகுத்தால் என்ன விடை வருமோ, 31ஆல் வகுத்தாலும் அதே மாதிரி ஒரு விடைதான் வரும். இன்னொரு நாடு ஏவுகணை இல்லாமல், பழைய தரைநிலையத்தோடு சேர்த்து வாங்கியிருந்தால் அதன் 'ஒன்றுக்கு விலை' தானாகக் குறைந்துவிடும்.

ஆனால் அந்தப் பட்டியல்கூட முழுக்கதை இல்லை. இந்த டிரோன்கள் எப்படி உருவாயின என்று தெரிந்தால்தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று புரியும்.

முடிக்காமலே சண்டைக்குப் போன மெஷின்

எம்க்யூ-9பியின் தாத்தா பெயர் பிரிடேட்டர். அதற்கும் முந்தைய மூலவர் ஆப்ரஹாம் கரெம்: பாக்தாதில் பிறந்து, இஸ்ரேலில் விமான என்ஜினியராகி, அமெரிக்கா போய், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் தன் வீட்டு கராஜில் டிரோன் கட்டியவர். அவர் கம்பெனி நொடித்துப்போய், அதன் டிசைன்கள் கைமாறி ஜெனரல் அட்டாமிக்ஸிடம் வந்தன. 1994 ஜனவரியில் பிரிடேட்டருக்கு ஒப்பந்தம், ஜூலையில் முதல் பறப்பு. 1995ல் அல்பேனியாவில் ஓர் ஓடுதளத்திலிருந்து போஸ்னியாவை வேவு பார்த்துக்கொண்டிருந்தது. நம் ஊர் அரசு டெண்டர் வேகத்தோடு ஒப்பிட்டு வயிறு எரிய வேண்டாம். ஏன் இவ்வளவு வேகம் என்றால், அது முழுமையான தயாரிப்பே இல்லை. சும்மா செய்து காட்டுகிற மாதிரி என்ற பெயரில், பெரிய பரிசோதனைகளைத் தாண்டாமல் களத்துக்கு வந்துவிட்டது.

அதன் பிறகு நடந்தது எல்லாம் அப்கிரேடு. இறக்கையில் பனி உறைந்து விழுந்தது. இறக்கையின் முன்விளிம்பில் நுண்துளைகள் வழியாகப் பனி இளக்கும் திரவம் கசியும்படி செய்தார்கள். 1999 கொசோவோ போரில் இலக்கைப் பார்க்க முடிந்தது, மேலே பறக்கும் போர்விமானிக்கு அந்த இடத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. சில வாரங்களில் லேசர் சுட்டி பொருத்தினார்கள். 2001 பிப்ரவரியில் ஹெல்ஃபயர் ஏவிச் சோதித்தார்கள். அந்த வருஷம் அக்டோபரில் ஆப்கானிஸ்தானில் நிஜமாகவே ஏவினார்கள். இதையெல்லாம் பெரும்பாலும் செய்தது பிக் சஃபாரி என்ற பெயருள்ள, அமெரிக்க விமானப்படையின் சின்ன அலுவலகம் ஒன்று. அவசரத் தேவைக்கு விமானங்களை மாற்றியமைப்பதுதான் அதன் வேலை.

இதில் ஒரு வேடிக்கை. 2001 அக்டோபரில், அதாவது பிரிடேட்டர் ஆப்கானிஸ்தானில் ஏவுகணை விட்டுக்கொண்டிருந்த அதே மாதத்தில், அமெரிக்க ராணுவத்தின் பரிசோதனைப் பிரிவு ஓர் அறிக்கை கொடுத்தது. பிரிடேட்டர் களப்பணிக்குப் போதுமான திறனும் இல்லாதது, ஏற்றதும் இல்லை என்பது அதன் முடிவு. அந்த அறிக்கை தப்பு என்று நான் நினைக்கவில்லை. தேர்வில் ஃபெயில், ஆனாலும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வேலை செய்துகொண்டே பாஸ் பண்ணவைத்தார்கள். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

26 டாலர் சாஃப்ட்வேரும் ஒரு லீவரும்

வேகமாகப் போட்ட சாஃப்ட்வேருக்கு வட்டி கட்டியே ஆகவேண்டும். பிரிடேட்டர் கட்டிய வட்டியில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வீடியோ. பிரிடேட்டர் கீழே அனுப்பிய வீடியோ குறியாக்கம் செய்யப்படாமல் திறந்தே போனது. 2009 டிசம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை வெளிக்கொண்டு வந்தது. ஈராக்கில் கிளர்ச்சியாளர்கள் 26 டாலருக்குக் கிடைக்கும் ஸ்கைகிராபர் என்ற ரஷ்ய சாஃப்ட்வேரை வைத்து அந்த வீடியோவைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். சாட்டிலைட் இன்டர்நெட்டில் மற்றவர்கள் டவுன்லோடு செய்யும் படம், பாட்டைத் திருடுவதற்காக வந்த சாஃப்ட்வேர் அது. டிரோனைக் கடத்தவில்லை, கட்டளைகளில் கைவைக்கவில்லை. ஆனால் உன்னை யார் எங்கேயிருந்து பார்க்கிறார்கள் என்று உனக்குத் தெரிந்துவிட்டால் வேவு பார்ப்பதில் பாதிப் பயன் போச்சு.

ஓட்டை இருப்பது போஸ்னியா காலத்திலிருந்தே தெரியும். அப்புறம் ஏன் பதினைந்து வருஷம் சும்மா இருந்தார்கள்? சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். 2002க்குப் பிறகு அந்த வீடியோவை நேரடியாகப் பார்க்கும் கையடக்கக் கருவிகளைத் தரைப்படை வீரர்களுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள், ரோவர் என்று பெயர். டிரோனில் குறியாக்கம் போட வேண்டுமானால் களத்தில் இருக்கும் அத்தனை கருவிகளையும் மாற்ற வேண்டும், அத்தனைக்கும் சாவி கொடுக்க வேண்டும், கூட்டணி நாட்டுப் படைகளுக்கும் சேர்த்து. ஒரு பழைய ஏபிஐயை நிறுத்தப்போகிறோம் என்று மெயில் அனுப்பிவிட்டு, எத்தனை பேர் இன்னும் அதை நம்பி இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடிக்கிற கதை. மாற்ற வேண்டியது ஒரு டிரோனை இல்லை, அதைச் சுற்றி வளர்ந்துவிட்ட ஊரை.

இரண்டாவது, கன்சோல். 2006 ஏப்ரல் 25, அதிகாலை. அமெரிக்க எல்லைக் காவல் துறையின் பிரிடேட்டர்-பி (இதுதான் எம்க்யூ-9இன் இன்னொரு பெயர்) அரிசோனாவில் நோகாலஸ் அருகே விழுந்தது. தரைநிலையத்தில் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு கன்சோல்கள். ஒன்றில் பைலட், பக்கத்தில் கேமராவை இயக்குபவர். எது கெட்டாலும் இன்னொன்றுக்கு மாறலாம். நல்ல யோசனைதான். அன்று பைலட்டின் கன்சோல் உறைந்து நின்றது. அது அதற்கு முன்பும் பலமுறை நடந்ததுதான். பைலட் பக்கத்துக் கன்சோலுக்குக் கட்டுப்பாட்டை மாற்றினார்.

அங்கே ஒரு லீவர். பைலட் வேலை செய்யும் கன்சோலில் அந்த லீவர் இன்ஜினுக்கு எரிபொருளைத் திறக்கும், மூடும். கேமரா வேலை செய்யும் கன்சோலில் அதே லீவர் கேமராவின் ஐரிஸைக் கட்டுப்படுத்தும். கேமராக்காரருக்கு லீவர் நடுவில் இருந்தால் ஐரிஸ் அப்படியே நிற்கும் என்று பொருள். பைலட்டுக்கு லீவர் நடுவில் இருந்தால் எரிபொருள் நிறுத்தம். லீவர் நடுவில் இருந்தது. கட்டுப்பாடு மாறிய நொடியில் இன்ஜின் அணைந்தது. மாற்றுவதற்கு முன் இரண்டு கன்சோல்களின் லீவர்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று செக்லிஸ்டில் இருந்தது. அந்த அவசரத்தில் அது நடக்கவில்லை. விமானம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க சாட்டிலைட் தொடர்பைத் துண்டித்துக்கொண்டது, நேரடி ரேடியோ எட்டும் உயரத்துக்குக் கீழே போய்விட்டது, அவ்வளவுதான். யாருக்கும் அடிபடவில்லை.

விசாரணை அறிக்கையில் பைலட்டின் தவறு என்றும் இருக்கிறது. எனக்கு அது பைலட்டின் தவறாகத் தெரியவில்லை. ஒரே பட்டனுக்கு மோடுக்கு ஒரு அர்த்தம் வைத்துவிட்டு, மோடு மாறும்போது பழைய நிலையை அப்படியே எடுத்துக்கொள்கிற சாஃப்ட்வேரை எழுதியவரை அல்லவா முதலில் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும்?

தரைநிலையம் எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும். டிரோனைப் படத்தில் பார்க்கிறோம். அந்த ஷெல்டருக்குள் இருக்கும் கன்சோல் யார் கண்ணிலும் படுவதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், தாமதம். புவிநிலைச் சாட்டிலைட் சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே இருக்கிறது. கட்டளை மேலே போய்க் கீழே வர 72,000 கிலோமீட்டர். ஒளி வேகத்தில் கால் நொடி. அதன் விளைவைப் பைலட் வீடியோவில் பார்க்க இன்னொரு கால் நொடி. வீடியோவைச் சுருக்க, விரிக்க, கேபிளில் கடத்த என்று சேர்த்தால் ஒரு நொடியைத் தாண்டும். மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போது பரவாயில்லை. தரையிறக்கும்போது ஒரு நொடி பழைய படத்தைப் பார்த்து ஓட்டினால் ஓடுதளத்தில் மூக்குதான் உடையும். அதனால் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஓடுதளத்திலேயே ஒரு தனிக் குழு, தனித் தரைநிலையம். நடுவில் பறப்பதைப் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குழு பார்த்துக்கொள்ளும். எம்க்யூ-9பியில் பெரிய மாற்றம் இங்கேதான். சாட்டிலைட் தொடர்பில் இருந்துகொண்டே அது தானாக ஏறும், தானாக இறங்கும். இறக்கை நீளம், 40 மணி நேரப் பறப்பு பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். ஒவ்வொரு ஓடுதளத்துக்கும் ஒரு குழுவைச் சுமந்து போக வேண்டாம் என்பதுதான் வாங்குபவருக்குப் பெரிய லாபம் என்பேன்.

பூட்டு யாருடையது, சாவி யாரிடம்

மேலே சொன்ன அத்தனை திருத்தங்களையும் அமெரிக்கா செய்ய முடிந்தது, ஏனென்றால் மெஷினும் அவர்களுடையது, கோடும் அவர்கள் ஊரில் இருந்தது. வெளியிலிருந்து வாங்கியவர்கள் கதை வேறு.

பிரான்ஸைப் பாருங்கள். மாலி போருக்காக அவசரமாக ரீப்பர் வாங்கி, 2014 ஜனவரியில் நைஜர் நாட்டிலிருந்து பறக்க ஆரம்பித்தார்கள். அணு ஆயுத நாடு, சொந்தமாகப் போர்விமானம் கட்டுகிற நாடு. ஆனால் ஆரம்பத்தில் அந்த ரீப்பர்களை ஏற்றி இறக்கியது அமெரிக்க ஒப்பந்த ஊழியர்கள். ஆயுதம் இல்லாமல் வந்தன. ஆயுதம் பொருத்தப்போகிறோம் என்று 2017 செப்டம்பரில் அறிவித்து, முதல் தாக்குதல் நடந்தது 2019 டிசம்பரில். இத்தாலியும் ரீப்பர் வைத்திருந்தது. ஆயுதம் பொருத்த அனுமதி கேட்டுச் சில வருஷம் காத்திருந்து 2015 நவம்பரில்தான் வாங்கியது. ஜெர்மனிக்கு வேறு மாதிரி அடி. அமெரிக்க குளோபல் ஹாக்கை அடிப்படையாகக் கொண்ட யூரோ ஹாக் திட்டத்தில் 50 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்த பிறகு, பயணிகள் விமானங்கள் பறக்கும் வானத்தில் அதைப் பறக்கவிடச் சான்றிதழ் வாங்குவதற்கே இன்னும் அதே அளவு ஆகும் என்று தெரிந்து 2013ல் கைவிட்டார்கள்.

சொந்தமாகச் செய்தாலும் தப்பிக்க முடியாது என்பதற்குத் துருக்கி. 2020 கராபாக் போரில் பைரக்தார் டிரோன்கள் பெயர் வாங்கிய சூட்டோடு, அக்டோபரில் கேமராவுக்குக் கனடா தடை போட்டது. ரோடாக்ஸ் இன்ஜின் தரும் கம்பெனியும் சப்ளையை நிறுத்துவதாகச் சொன்னது. ஆனால் விமானம் அவர்களுடையது. கேமராவைக் கழற்றி உள்நாட்டுக் கேமராவை மாட்ட யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது நம் கதை. நம்மிடம் இஸ்ரேலின் ஹெரான்கள் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன. பழைய ஹெரான் தரைநிலையத்தோடு நேரடி ரேடியோவில் பேசும். சமவெளியில் இருநூறு கிலோமீட்டர் தாண்டியும் ஓடும். லடாக்கில் நடுவில் ஒரு மலை வந்தால் தொடர்பு போச்சு. 2017 டிசம்பரில் சிக்கிம் பக்கம் ஒரு ஹெரான் தொடர்பை இழந்து எல்லைக்கோட்டைத் தாண்டிச் சீனப் பக்கம் விழுந்தது. டோக்லாம் பதற்றம் அடங்கி நாலு மாதம்கூட ஆகாத நேரம். தொழில்நுட்பக் கோளாறு என்று நம் தரப்பு சொன்னது, சீனா கண்டனம் தெரிவித்தது. லிங்க் அறுந்தால் அது வெறும் நெட்வொர்க் பிரச்சினையாக நிற்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த ஹெரான்களுக்குச் சாட்டிலைட் தொடர்பும் ஆயுதமும் பொருத்தும் திட்டத்தின் பெயர் சீட்டா. கிட்டத்தட்ட 90 விமானங்கள், 3,500 கோடிக்கு மேல் என்று பல வருஷங்களாகச் செய்தியில் அடிபடுகிறது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே 2020ல் கல்வான் வந்துவிட்டது. அவசரத் தேவை என்று சாட்டிலைட் வசதியுள்ள மேம்பட்ட ஹெரான்களைத் தனியாக எடுக்க வேண்டியதாயிற்று. நம்மிடம் இருப்பதை மேம்படுத்துவதைவிடப் புதிதாக எடுப்பது சீக்கிரம் நடக்கிறது என்றால் கோளாறு டிரோனில் இல்லை.

சொந்த முயற்சிக்கு வருவோம். பெங்களூரின் ஏடிஈ ஆய்வகம் செய்த தபஸ், 2011ல் அனுமதி பெற்ற திட்டம். வேண்டியது 30,000 அடி உயரம், 24 மணி நேரம். எட்டியது சுமார் 28,000 அடி, 18 மணி நேரம். 2024 தொடக்கத்தில் அதை முன்னுரிமைத் திட்டங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். தாமதம், எடை கூடியது எல்லாம் உண்மை. படைகளின் எரிச்சலும் நியாயம். ஆனால் 2001ல் பிரிடேட்டர் வாங்கிய ஃபெயில் மார்க்கை இங்கே நினைத்துப் பாருங்கள். 18 மணி நேரம் பறக்கும் சொந்த டிரோனைக் கடலோரக் காவலுக்காவது எடுத்து ஓட்டியிருந்தால், ஓட்டுபவரும் கட்டியவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து குறைகளை அடைக்கும் பழக்கமாவது வந்திருக்கும். நம்மிடம் இல்லாதது டிரோன் இல்லை. பிக் சஃபாரி மாதிரி ஓர் அலுவலகம்.

31 தேவையா என்று கேட்டால், கடற்படையின் 15க்கு நான் ஆமாம் என்பேன். இந்தியப் பெருங்கடலின் மேலே 30, 40 மணி நேரம் சுற்றிக் கப்பல்களைக் கண்காணிக்க இதைவிடப் பொருத்தமானது தெரியவில்லை, அங்கே கீழேயிருந்து யாரும் சுடப்போவதில்லை. மற்ற 16ல்தான் சந்தேகம். 2025 மார்ச், ஏப்ரலில் ஆறு வாரத்துக்குள் ஏமனில் ஹூத்திகள் ஏழு ரீப்பர்களைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஒன்று சுமார் 3 கோடி டாலர். ஹூத்திகளிடம் இருப்பதைவிட நல்ல வான்பாதுகாப்பு நம் இரண்டு எல்லைகளுக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது.

இந்த மெஷின் நமக்குப் புதிதும் இல்லை. 2020 நவம்பர் முதல் அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்திலிருந்து இரண்டு எம்க்யூ-9பிகளைக் கடற்படை குத்தகைக்கு ஓட்டியது. 2024 செப்டம்பர் 18 பிற்பகல் அதில் ஒன்றில் கோளாறு. பறக்கும்போதே ரீசெட் செய்து பார்த்தார்கள், முடியவில்லை. சென்னைக்கு அப்பால் கடலில் பத்திரமான இடமாகப் பார்த்து இறக்கினார்கள். குத்தகை என்பதால் கம்பெனி வேறு ஒன்றைக் கொடுத்தது. 31ம் அப்படி இல்லை, அவை நம் சொத்து. விழுந்தால் நம் கணக்கில்தான்.

ஒப்பந்தத்தின் இன்னொரு பாதி, பராமரிப்பு. எட்டு வருஷம் அல்லது 1,50,000 பறக்கும் மணி நேரம், எது முதலில் முடிகிறதோ அதுவரை என்று செய்திகள் சொல்லின. வகுப்பது என்றால் இதை வகுத்துப் பாருங்கள். ஒரு டிரோனுக்கு சுமார் 4,840 மணி நேரம், வருஷத்துக்கு 600. அந்த மணி நேரங்களுக்குள், இந்தியாவில் செய்த ஓர் ஏவுகணையையோ சோனார் மிதவையையோ அதில் பொருத்த எத்தனை கடிதம் எழுத வேண்டியிருக்கும், யாருக்கு எழுத வேண்டியிருக்கும் என்பதுதான் நான் கவனிக்கப்போகிற கணக்கு. டிரோன்கள் வரத் தொடங்க 2029 வாக்கில் ஆகும் என்கிறார்கள்.